மன்னார்க் கரையில் கன்னியர் மடம்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாரை நோக்கிச் செல்லும் வழியில், பனைகளும் உடைமரங்களும் மாறி மாறி வரும் மணற்பரப்பின் நடுவே, தோட்டவெளி என்றொரு சிற்றூர் இருக்கிறது. வேதசாட்சிகளின் இராக்கினி என்னும் திருநாமத்தோடு அங்கே நிற்கும் ஆலயம், 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் ஞாபகமாக எழுந்தது. முத்துக்குளித்துறையில் போதித்துக்கொண்டிருந்த பிரான்சீஸ்கு சவேரியாரைத் தங்கள் தீவுக்கு வரும்படி வேண்டி, அவர் வர இயலாமற் போகவே அவரால் அனுப்பப்பட்டவரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற பட்டிம் என்னும் ஊரின் ஜனங்கள், அந்த விசுவாசத்துக்கு ஒரு வருஷம்கூட நிறையாத பருவத்திலேயே அதற்காக உயிரை ஈந்தார்கள். 600க்கும் 700க்கும் இடைப்பட்டோர் மாண்டனர் என்பது வழிவழியாக வரும் கணக்கு. அவர்களுள் பெண்களும் இருந்தனர். கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மாரும் இருந்தனர்.

இவ்வாறு பெண்களின் இரத்தத்தையும் சேர்த்தே தன் சரித்திரத்தைத் தொடங்கிய ஒரு கரையில், கடவுளுக்கென்றே ஒரு பெண் தன் ஆயுளை முழுதாக ஒப்படைத்து வாழ்வதற்கான ஒரு மடம், ஒரு விதி, ஓர் உடை, ஒரு பெயர் ஏற்படுவதற்கு எத்தனை காலம் சென்றது என்று எண்ணிப் பார்ப்பவருக்கு வியப்பே மிஞ்சும். கத்தோலிக்கக் கன்னியர் முதன்முதலாக இலங்கையில் வந்திறங்கி யாழ்ப்பாணத்தில் குடிபுகுந்த ஆண்டு 1862. தோட்டவெளியின் இரத்தத்துக்கும் இந்த வருகைக்கும் இடையே கழிந்தவை 318 ஆண்டுகள்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். குருமார் வந்தனர்; தமிழ் எழுத்தை முதன்முதலில் அச்சேற்றிய அன்றீக்கு அன்றீக்கசு அடிகளாரின் காலடியும் இந்த மண்ணிற் பட்டது. ஆயினும் பெண்களின் துறவுக்கு அவர்கள் இங்கே இடம் அமைக்கவில்லை. கோவாவில் 1606இல் சந்த மோனிக்கா மடம் எழுந்ததென்றால், அதன் கதவு பெரும்பாலும் போர்த்துக்கேயக் குலமகளிருக்கே திறந்தது. வங்காலையிலோ பேசாலையிலோ வலை காயும் முற்றத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு மடம் இருக்கிறதென்ற செய்திகூட எட்டியிராது.

துறவு பூண்ட பெண் என்ற எண்ணம் இந்த வடகரைக்குப் புதியதோ என்று கேட்டால், அதுவுமில்லை. அசோகனின் மகள் சங்கமித்தை போதிக்கிளையோடு வந்திறங்கிய சம்புகோளத் துறை, மாதகலுக்கு அருகேயுள்ள சம்பில்துறையே என்று சொல்லப்படுகிறது. மணிமேகலை கடல் கடந்து சென்று தன் பழம்பிறப்பை உணர்ந்த மணிபல்லவத்தை நயினாதீவோடு பொருத்திப் பேசுவோர் இன்றும் உளர். சைவத்தின் பக்கம் பார்த்தாலோ, மணம் பேசப்பட்டவன் போர்க்களத்தில் மடிந்தபின் தம்பிக்காகவே உயிர் தாங்கி, திருவதிகைக் கோயிலை மெழுகியும் பூத்தொடுத்தும் வாழ்ந்த திலகவதியாரைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய உதாரணம் வேறில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரம் மன்னார்க் கடலைப் பார்த்தபடி மாதோட்டத்திலே நிற்கிறது. அந்தக் கோயிலின் மணியோசை கேட்டு வளர்ந்த சமூகத்துக்குத் தவம் செய்யும் பெண் விநோதமானவள் அல்லள். கிறிஸ்தவர்களாகிய பின்பும் அந்தப் பழைய மரியாதை இம்மக்களின் உள்ளத்தில் ஒளிந்தே கிடந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இல்லாவிட்டால், பிற்காலத்தில் பிறமொழி பேசிவந்த சில வெள்ளைப் பெண்களை இந்த ஊர்கள் அவ்வளவு விரைவில் 'எங்கள் மதர்மார்' என்று சொல்லத் தொடங்கியிருக்குமா?

1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். கோயில்கள் பறிபோயின, குருமார் துரத்தப்பட்டனர். மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை இருபது குடும்பங்கள் சுமந்துகொண்டு, காட்டு வழியே மருதமடுவுக்குச் சென்று ஒளித்த வரலாற்றை, மடு யாத்திரை போகும் எந்தப் பாட்டியும் பேரப்பிள்ளைக்குச் சொல்வாள். 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மக்கள் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, அவஸ்தையில் நோயில்பூசுதலின்றி வாழ்ந்தார்கள். முனிவர் ஊரூராக மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்துச் செபத்தை நடத்துவித்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலந்தோறும் கோயில்களில் ஓதப்பட்டு, கேட்போரைக் கண்ணீர் வடிக்கச் செய்தது.

ஆனால் மூப்பர் கோயிலிலே மணி அடித்தாரென்றால், வீட்டிலே விளக்கேற்றி வைத்துக் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து, பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் சொல்லுக்குச் சொல் நாவில் ஏற்றியவள் ஒரு பெண்ணே. குருவற்ற காலத்தில் சம்பிரதாயத்தைக் கைமாற்றிய பெண்களில் மணமாகாதவர்களும் இளம் விதவைகளும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பின்னாளில் மடத்துக்குள்ளே கன்னியர் செய்த வேலையின் பெரும்பகுதியை, அதாவது பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் புகட்டுவதையும், நோயாளியின் பாயருகே செபமாலை சொல்வதையும், பீடத்துக்குப் பூ வைப்பதையும், அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். மன்னார்க் கரையில் தேவ அழைத்தல் என்னும் பயிர் விதைக்கப்பட்ட நிலம் இதுதான். பிரான்சு தேசத்திலிருந்து வந்தது அதற்கு வேண்டிய வரம்பும் வாய்க்காலும் ஆகும்.

அந்த வரம்பு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் 1795இல் மன்னாரைப் பிடித்தனர். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தச் சட்டங்களின் தளைகளை நீக்கினார். 1847இல் அமல மரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அவர்கள் கண்ட காட்சி கவலைக்குரியதாக இருந்தது. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் 1824லேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பாடசாலை நிறுவியிருந்தனர். வெஸ்லியன் மிஷனரிமாரும் வேம்படியிலே பெண்கல்வியைத் தொடங்கிவிட்டனர். கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளோ பெரும்பாலும் எழுத்தறிவின்றி இருந்தார்கள். ஆண் குருமார் பெண்களுக்குப் பாடசாலை நடத்த முடியாத நாட்டு வழக்கத்தை உணர்ந்த, அதே சபையைச் சேர்ந்த யாழ்ப்பாண ஆயர் செமேரியா ஆண்டகை, கன்னியர் வேண்டும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். அவருடைய சபையின் ஸ்தாபகரான டி மசனெட் ஆண்டகையும், போர்தோ நகரில் திருக்குடும்ப சபையை நிறுவிய நோவாய் அடிகளாரும் 1858இல் செய்துகொண்ட உடன்படிக்கையினால் இரு சபைகளும் ஒரே குடும்பம்போல இணைக்கப்பட்டிருந்தன. அந்த இணைப்பின் கனியாகவே 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். ஸ்தாபகர்கள் இருவருமே அதற்கு முந்திய ஆண்டில் காலமாகிவிட்டார்கள்; தாங்கள் நட்டது தமிழ் மண்ணில் வேரூன்றியதை அவர்கள் கண்ணாற் காணவில்லை.

திருக்குடும்ப சபையின் பிறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் புரட்சி பாழாக்கிய திருச்சபையைப் புதுப்பிக்க வேண்டுமென்ற ஆவலோடு, பியர் பியன்வெனு நோவாய் என்னும் இளங்குரு 1820இல் மூன்று இளம்பெண்களைக் கொண்டு ஒரு வீட்டிலே அதை ஆரம்பித்தார். செல்வச் சிறப்போ அரசச் சலுகையோ அதற்கில்லை. நாசரேத்திலே இயேசு, மரி, சூசை மூவரும் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்து வாழ்வதே விதியென்று அவர் சொன்னார். தச்சன் வீட்டு வாழ்க்கையைத் துறவின் மாதிரியாகக் கொண்ட இந்த எண்ணம், மீன்பிடியும் பனைத்தொழிலும் வயலுமாகப் பிழைக்கும் மன்னார் மக்களுக்கு எளிதில் விளங்கியதில் ஆச்சரியமில்லை.

சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். அதற்கு ஏழாண்டு முந்தியே இந்தப் பெண்கள் புறப்பட்டார்கள் என்பதை நினைக்க வேண்டும். திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. வந்த இடத்தில் காய்ச்சலும் பேதியும் காத்திருந்தன. மொழி புரியாது; உணவு ஒவ்வாது; தடித்த கறுப்புடை வெயிலுக்கு ஆகாது. அவர்களுக்குத் தமிழ் கற்பித்தவர்கள் பெரும்பாலும் அவர்களிடமே கற்க வந்த சிறுமியராய்த்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சிறுமியருள் சிலர் வளர்ந்தபின், தாங்களும் அவ்வாறே வாழ்வதென்று தீர்மானித்தார்கள். சுதேசப் பெண்களுக்கென அர்ச். இராயப்பரின் பெயரால் ஒரு கன்னியர் சபையும் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இந்த மாற்றம் சற்று முன்னதாகவே நிகழ்ந்திருந்தது. புதுச்சேரியில் துய்ப்புயி சுவாமி 1844இல் தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் சபை தொடங்கினார். பெண்களுக்குக் கல்வி புகட்டுவதே அதன் நோக்கம். திருச்சிராப்பள்ளியில் அன்னம்மாள் என்னும் தமிழ் விதவை 1858இல் அர்ச். அன்னம்மாள் சபைக்கு வித்திட்டார். விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டியவள் என்றிருந்த காலத்தில், அந்த விதவைகளையே ஒன்றுகூட்டி நோயாளிக்கும் அநாதைக்கும் தாயாக்கிய அப்பெண்மணியின் துணிவு தனியே ஒரு நூல் எழுதத் தக்கது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் இது நடந்தது என்பதைக் கவனித்தால், தமிழ்ப் பெண்ணின் உள்ளத்தில் நெடுங்காலமாகத் தேங்கிநின்ற ஒன்று அப்பொழுதுதான் மடை கண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

மன்னாரிலும் கன்னியர் மடம் ஏற்பட்டது. புனித சவேரியார் பெண்கள் பாடசாலை அவர்களது பராமரிப்பில் வளர்ந்தது. பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரைக் கேட்டு வீடுவீடாகச் செல்வது அக்காலத்தில் கன்னியரின் வேலைகளுள் ஒன்று. மீன் காய வைக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் வேண்டிய பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதால் வீட்டுக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. சோளகம் பெயர்ந்ததும் குடும்பத்தோடு வேறு கரைக்கு வாடி போடச் செல்லும் தொழிலாளியின் மகள், இரண்டு மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் கடற்கரையிலுமாக இருப்பாள். இத்தனைக்கும் இடையில் எழுத்தறிந்த ஒரு தலைமுறை எழுந்தது. பின்னர் ஆசிரியைகளாகவும் மருத்துவத் தாதிகளாகவும் பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு, நானாட்டான் முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்ட பெண்களின் கல்விக்கு அடியிட்டது அந்த வீடுவீடான நடையே.

ஒரு பெண் மடத்துக்குப் போகத் துணிவது எப்படி என்பதை இனிச் சிந்திப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்கு ஆயத்தமாக ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: சீதனம் கொடுக்க வழியில்லை, நாலைந்து பெண்பிள்ளைகள், ஆகவே ஒருத்தியை மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது அது. வடபகுதித் தேசவழமையில் சீதனம் வகிக்கும் இடத்தை அறிந்த எவரும் இந்தப் பேச்சை முற்றாகத் தள்ளிவிட மாட்டார். வறுமையின் நெருக்குதலால் மடத்தை நாடிய ஒருத்தியும் இருந்திருக்கமாட்டாள் என்று சாதிப்பது உண்மையாகாது. ஆனால் அந்தக் காரணம் வாசல்வரைக்குமே வரும். உள்ளே நுழைந்தபின் வருஷக்கணக்காகச் சோதித்துப் பார்க்கும் ஒழுங்கு திருச்சபையில் இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, பதினைந்து வயது நிறையாதவளை நவசந்நியாசத்தில் சேர்த்தல் கூடாது. ஓராண்டு முழுவதும் நவசந்நியாசத்திலிருக்க வேண்டும். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு. குறைந்தது மூன்றாண்டு சென்று, இருபத்தொரு வயதும் நிறைந்தாலன்றி நித்திய வார்த்தைப்பாடு இல்லை. 1983இன் புதிய சட்டம் சேரும் வயதைப் பதினேழாக உயர்த்தியது. நவசந்நியாசத்தில் எந்த நாளிலும், தற்காலிக வார்த்தைப்பாட்டின் தவணை முடியும்போதும் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். சபையும் அவளைத் திருப்பி அனுப்பலாம். சோற்றுக்காக வந்தவளை வெளியே விடவும், அன்புக்காக வந்தவளை நிலைநிறுத்தவும் ஏற்பட்ட ஒழுங்கு இது. திரும்பிப் போனவர்களும் பலர். அவர்களை இழிவாகப் பேசுவது பெரிய அநியாயம்.

உண்மையில் பல வீடுகளில் நடந்தது சீதனக் கதைக்கு நேர்மாறானது. மகள் தன் எண்ணத்தைச் சொன்ன நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. தகப்பன் பேசமாட்டார். தாய், செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே, "உன்னைக் கேட்டா நான் மடு மாதாவுக்கு நேர்ந்தேன்?" என்று அழுவாள். கிழவி ஒருத்தி மட்டும் இரகசியமாகத் தட்டிக்கொடுப்பாள். புகையிரதம் வராத நாட்களில், தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வள்ளத்திலோ மாட்டுவண்டியிலோ போய்ச் சேர்வது ஒரு பெரும் பிரயாணம். மகள் போனபின் அவளைக் காண்பது அரிது. தாய்தகப்பன் சாவுக்குக்கூட அக்காலத்து விதி அவளை எளிதில் அனுப்பாது. அவ்வளவும் அறிந்தே பிள்ளையைக் கொடுத்த மன்னார்த் தாய்மாரின் தியாகம், மகளின் தியாகத்துக்கு ஒரு குன்றிமணியும் குறைந்ததன்று.

தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள். மூன்றிலும் வெளியார் பெரிதாக எண்ணுவது நடுவிலுள்ளதை. வாழ்ந்து பார்த்தவர்களோ மூன்றாவதே கடினம் என்பார்கள். பத்தாண்டு அரும்பாடுபட்டு ஒரு பாடசாலையை உருவாக்கியவள், ஒரு கடிதம் வந்தவுடன் அதை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, முன்பின் அறியாத ஊருக்குப் போய்ச் சமையலறையைக் கவனிக்க வேண்டும். தான் நட்ட மரத்தின் பழத்தை அவள் உண்பதில்லை. இந்த மாற்றங்களையே தன் வாழ்வின் வடிவமாக ஏற்றுக்கொண்டவளிடம், வயது முதிர்ந்த காலத்தில் ஒருவகை இலேசான தன்மை வந்துவிடுகிறது. பேச்சிலும் சிரிப்பிலும் அது தெரியும். ஆத்ம திருப்தி என்று புத்தகங்கள் சொல்வதன் முகம் அதுதான் என்று நான் நம்புகிறேன். எதையும் தன்னுடையதென்று பிடித்துக்கொள்ளாதவளுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. தன்னிடம் படித்த பிள்ளைகள் தெருவில் கண்டு காலைத் தொடுகையில் பெறுவதற்கு நிரம்ப இருக்கிறது.

மன்னார் நாட்டுக்கூத்து மரபை நினைக்கும்போது இன்னொன்று தோன்றுகிறது. இந்த மக்கள் இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்த நாடகங்களுள் ஞானசவுந்தரி ஒன்று. பேராசிரியர் வித்தியானந்தன் 1967இல் அதை அச்சிலேற்றினார். கைகளை இழந்து காட்டிலே விடப்பட்டும் விசுவாசத்தை விடாத ஒரு பெண்ணின் கதை அது. அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரம் முழுவதையும் மேடையிலே கண்டு வளர்ந்த சிறுமிக்கு, ஆண்டவருக்காக எல்லாவற்றையும் விடுவது எங்கோ உரோமாபுரியில் நடந்த காரியமாகப் படாது; அண்ணாவியாரின் மத்தள ஓசையோடும் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தோடும் தன் ஊர் மணலிலேயே நடந்த காரியமாகப் படும்.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தபோது, கன்னியரின் நூறாண்டு உழைப்பு ஒரே கையெழுத்தில் கைமாறிற்று. துக்கம் பெரிது. ஆயினும் பல கன்னியர் அதே வகுப்பறைகளில் அரசாங்க ஆசிரியைகளாகவும் அதிபர்களாகவும் தொடர்ந்து நின்றார்கள். வாங்கிய சம்பளம் மடத்துக்குப் போயிற்று, அவர்களுடைய பெயருக்கு எதுவும் சேரவில்லை. சில வருஷங்களுக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, 1965இல் துறவற சபைகளையெல்லாம் தத்தம் ஸ்தாபகரின் ஆதி எண்ணத்துக்குத் திரும்பும்படி பணித்தது. தடித்த உடை போய் வெள்ளைச் சேலை வந்தது. இலத்தீன் போய்த் தமிழில் கட்டளைச் செபம் வந்தது. மடத்துச் சுவரைவிடக் குடிசையின் திண்ணை முக்கியமாயிற்று. முதியவர்களுட் சிலர் உடை மாறியதற்காகக் கண்ணீர் விட்டதுண்டு. அந்தக் கண்ணீரையும் மதிக்க வேண்டும். அதுவே அவர்களுக்கு மணவாட்டியின் கூறையாக இருந்தது.

1981 ஜனவரியில் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதற் பத்தாண்டு முடிவதற்குள் உள்நாட்டு யுத்தம் அதை மூடியது. வங்காலைப் பங்குக் குருவான மேரி பஸ்தியன் அடிகள் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். 1990இல் தீவின் மக்கள் பலர் படகேறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் அடைந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மடுக்கோயில் வளவு ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் அந்த வளவிலேயே எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் மாண்டனர். 2006இல் பேசாலை வெற்றி மாதா ஆலயத்துள் தஞ்சமிருந்தோர் மீது கைக்குண்டு எறியப்பட்டது. 2008இல் மடு மாதாவே தன் கோயிலைவிட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று.

இந்த ஆண்டுகளில் கன்னியர் செய்ததைப் பட்டியலிட்டுக் காட்ட முடியாது. அவற்றுள் பெரும்பாலானவை எழுதக்கூடிய அளவுக்குப் பெரிய செயல்கள் அல்ல. அரிசி அளந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மர நிழலிலே வகுப்பு வைத்தார்கள். தாயற்ற பிள்ளையை இரவிலே அணைத்துப் படுத்தார்கள். போகலாம் என்ற வழி தங்களுக்கு இருந்தபோதும், ஜனங்கள் இருக்கும்வரை தாங்களும் இருப்பதென்று தங்கினார்கள்; வன்னியில் யுத்தத்தின் கடைசி நாட்கள்வரை மக்களோடு நடந்த குருமாரும் கன்னியரும் உண்டு. குடும்பம் இல்லாதவள் என்று ஒருகாலத்தில் பரிதாபப்பட்டார்களே, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகுட்டி இல்லாமையே இத்தனை பேரின் நடுவில் நிற்கும் சுதந்திரத்தைத் தந்தது. கற்பு என்னும் வார்த்தைப்பாட்டின் பொருளை இந்த விளக்கத்தைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

2015 ஜனவரி 14ஆம் தேதி, காலையில் கொழும்பிலே யோசேவ் வாஸ் முனிவரை அர்ச்சிஷ்டவர் என்று பிரகடனஞ் செய்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, யுத்தத்தில் உறவினரை இழந்த தமிழரையும் சிங்களவரையும் ஒருங்கே ஆசீர்வதித்தார். குருவில்லாக் காலத்தில் முனிவர் தேடிவந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் அந்த முற்றத்திலே நின்றார்கள். வெள்ளைச் சேலையோடு கூட்டத்தை ஒழுங்குசெய்தபடி கன்னியரும் நின்றார்கள்.

இன்று மடத்துக்குச் செல்லும் பெண்களின் தொகை குறைந்து வருகிறது. வீட்டிலே பிள்ளைகள் இருவர் அல்லது மூவர். பெண்ணுக்குப் பல்கலைக்கழகமும் உத்தியோகமும் வெளிநாடும் திறந்திருக்கின்றன. ஒருகாலத்தில் படிக்கவும் படிப்பிக்கவும் ஊரைவிட்டுப் புறப்படவும் ஒரு பெண்ணுக்கு மடம் ஒன்றே வாசலாக இருந்தது. இன்றுள்ள மற்ற வாசல்களையெல்லாம் அவளுக்குத் திறந்துவிட்டவர்களில் கன்னியரே முதன்மையானவர்கள். ஆகவே இனி வருகிறவள் வேறு எத்தனையோ வழிகள் இருந்தும் இதையே தெரிந்துகொண்டு வருவாள். தொகை சிறுத்தாலும் அழைத்தல் தூய்மை பெறும் என்று நான் எண்ணுகிறேன்.

மன்னார் மக்களுக்கு ஒரு விண்ணப்பம். பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, தலைமன்னார், அரிப்பு, முருங்கன், விடத்தல்தீவு என்று ஒவ்வோர் ஊரும் தான் மடத்துக்குக் கொடுத்த பெண்களின் பெயரையும், பிறந்த ஆண்டையும், வார்த்தைப்பாடு கொடுத்த ஆண்டையும், அவர்கள் பணிசெய்து மாண்ட இடங்களையும் ஓர் ஏட்டில் எழுதிக் கோயிலிலே வைக்க வேண்டும். ஞானஸ்நானப் புத்தகங்களில் யுத்தத்துக்குத் தப்பியவை இன்னும் இருக்கின்றன. மடங்களிலே பதிவேடுகள் இருக்கின்றன. 1961க்கு முந்திய மடத்துப் பாடசாலையைக் கண்ணாற் கண்ட கன்னியர் சிலர் எண்பது வயதைக் கடந்தும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். இந்த ஆண்டே போங்கள்.